பவுசர் வந்துட்டுப் போச்சு, பிறகு?

கண்டிக்காரர் வீட்டுக் கழிவுநீருக்கும் மாத்தளைக்காரர்களான எங்களுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கு.

கண்டி நகரின் அழுக்கைச் சுமக்கும் மெத எல மகாவலியில் விழுகிறது. அந்த மகாவலியில் ஒரு பங்கை, 1976 முதல், பொல்கொல்லயில் மறித்து சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளைக்கு அனுப்புகிறார்கள். அது மின்சாரம் தந்துவிட்டு சுது கங்கையில் கலந்து, எங்க ஊரைத் தாண்டி ஓடுது. 2010இல் ஜப்பானிய கடன் ஒப்பந்தம் செய்து கெட்டம்பேயில் கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தால் கண்டிக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் லாபம்தான்.

சரி, நாங்க என்ன செய்யிறோம்? சுது கங்கை அம்பன் கங்கையில் சேர்ந்து போவதென்ன நீர்த்தேக்கத்துக்குப் போகுது. அங்கிருந்து ஒரு பங்கு கலாவெவப் பக்கம் வயல்களுக்கு. மேலே இருப்பவர் சுத்தமா அனுப்பணும் என்று கேட்கிற நாங்க, கீழே இருப்பவருக்கு என்ன அனுப்புறோம்?

இங்கே பெரும்பாலான வீடுகளில் மலக்குழிதான். நாடு முழுவதும் அப்படித்தான். குழாய்வழிக் கழிவுநீர் இணைப்பு 100 பேரில் இரண்டு மூன்று பேருக்கே உண்டு. மலக்குழி கெட்ட ஏற்பாடு இல்லை. ஆனா அடியில் சேறு நிறைந்தால் திடக்கழிவு தங்காமல் வெளியேறும். நீர் ஊறும் குழி அடைபடும். பிறகு எல்லாம் கானுக்குத்தான். நாற்றம் வந்த பிறகே பவுசரைக் கூப்பிடுறோம். அது எங்கே கொண்டுபோய்க் கொட்டுது என்று கேட்பதும் இல்லை.

மகாராஷ்டிராவில் வாய் என்றொரு சிறு நகரம். அங்கே 2018 முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, முறைவைத்து எல்லாக் குழிகளையும் நகரசபையே வெறுமையாக்குகிறது. செலவுக்கு ஒரு சிறு வரி. எடுத்த சேற்றைச் சுத்திகரிக்க ஒரு நிலையம். கோடிக்கணக்கில் செலவழித்து வீதியெல்லாம் கிண்டத் தேவையில்லை.

"சபையில காசில்லை" என்பார்கள். நிரம்பி வழியும்போது பவுசருக்கு மொத்தமா கொடுக்கிற காசைத்தான் ஆதன வரியோடு கொஞ்சங்கொஞ்சமா கட்டச் சொல்கிறோம்.

ஆனா அந்த அட்டவணை நகர எல்லையோடு நின்றுவிடக் கூடாது. தோட்டங்களில் சபை நிதியைச் செலவிட முட்டுக்கட்டையாக இருந்த பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. லயங்களை விட்டுவிட இனிச் சாக்கு இல்லை.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் வீதி விளக்கோடு இதையும் கேட்போம்: எங்க வீட்டுக் குழியை எந்த வருஷம் எடுப்பீங்க? எங்கே கொண்டுபோய்ச் சுத்திகரிப்பீங்க?