திமிங்கலத்தின் காலமும் நம்முடைய விடுமுறையும்



மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் வசிக்கிற நம்முடைய குடும்பங்களில் அநேகருடைய பிள்ளைகள் இந்நாட்களில் ஆஸ்திரேலியாவில் வேலை செய்கிறார்கள். பேரப்பிள்ளை பிறக்கும்போதோ, பிள்ளைகள் டிக்கெட் எடுத்து அனுப்பும்போதோ பெற்றோர் அங்கே போய் வருகிறார்கள். அப்படிப் போகிறவர்களில் சிலர் என்னிடத்தில், "பாஸ்டர், அங்கே கடற்கரையில் நின்றே திமிங்கலம் பார்க்கலாமாமே, எப்போது போகவேண்டும்? எங்கே போகவேண்டும்?" என்று கேட்பதுண்டு. இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. தவறான மாதத்தில் போய், ஒன்றையும் காணாமல் திரும்பி வந்தவன் நான்.

2016-ஆம் வருஷம், கிறிஸ்துமஸ் புத்தாண்டு ஆராதனைகளை முடித்துக்கொண்டு, ஜனவரி இரண்டாம் வாரத்தில் நானும் என் மனைவியும் சிட்னியிலுள்ள மகள் வீட்டுக்குப் போனோம். என் மனைவி முப்பது வருஷமாய் ஞாயிறு பள்ளி நடத்தியவள். யோனாவின் கதை வரும்போதெல்லாம் கரும்பலகையில் தலைவழியே நீர் பீச்சுகிற ஒரு திமிங்கலத்தை வரைவாள். வேதத்தில் பெரிய மீன் என்றுதான் இருக்கிறது, திமிங்கலம் என்று இல்லை என்று நான் திருத்துவேன். அவள் மறுவருஷமும் திமிங்கலத்தையே வரைவாள். அத்தனை வருஷம் வரைந்ததை ஒருமுறை உயிரோடு பார்க்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை.

கேப் சொலாண்டர் என்ற இடம் சிட்னிக்குத் தெற்கே, பாட்டனி விரிகுடாவின் வாயருகே இருக்கிறது. திமிங்கலம் பார்ப்பதற்கென்றே பேர்பெற்ற பாறை முனை. எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு போய், வெயிலில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கப்பல்கள் போயின, பறவைகள் போயின. கடைசியில், அவ்வழியே உலாவ வந்த ஒரு முதியவர் நாங்கள் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவையெல்லாம் இப்போது அண்டார்டிகாவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. ஜூன் மாதம் வாருங்கள்" என்றார்.

விமானக் கட்டணம், விசா, விடுப்பு யாவையும் விசாரித்த நான், திமிங்கலத்தின் பிரயாணத்தை மாத்திரம் விசாரிக்கவில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில் ஹம்ப்பேக் என்றும் தமிழில் கூன்முதுகுத் திமிங்கலம் என்றும் சொல்லப்படுகிற இந்தப் பிராணி, நீருக்குள் மூழ்கும்போது முதுகை வில்லைப்போல் வளைப்பதால் அந்தப் பெயர் பெற்றது. வளர்ந்தது 14 முதல் 16 மீட்டர் நீளமும், 30 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையதாயிருக்கும். பக்கத் துடுப்புகள் உடலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நமக்குக் குளிர்காலமாயிருக்கிற மாதங்கள் தென்கோளத்தில் கோடைகாலம். அந்த மாதங்களில் அவை அண்டார்டிக் கடலில் கிரில் என்னும் சிறிய, இறாலைப் போன்ற உயிர்களைத் தின்று கொழுக்கின்றன. குளிர் வந்ததும் வடக்கே புறப்பட்டு, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாய் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் நீந்தி, குவீன்ஸ்லாந்தின் வெதுவெதுப்பான நீரில் குட்டி ஈனுகின்றன. மே மாதக் கடைசியில் முதல் கூட்டங்கள் சிட்னியைக் கடக்கும். ஜூன் மாதமும் ஜூலை முற்பகுதியும் வடக்கே போகிறவை மிகுதி. செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை குட்டிகளோடு தெற்கே திரும்பும். டிசம்பர் பிறந்துவிட்டால் கரை வெறுமையாகிவிடும்.

இப்பொழுது நம்முடைய பள்ளி விடுமுறைகளை இதற்கு அருகில் வைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே கோடை விடுமுறை. திமிங்கலம் இன்னும் வந்து சேரவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை, திமிங்கலம் போய்விட்டது. தசரா, தீபாவளியை ஒட்டி அக்டோபரில் கிடைக்கிற விடுமுறை ஒன்றுதான் பொருந்துகிறது. பத்து நாள்தான் என்று அநேகர் அதைத் தள்ளிவிடுகிறார்கள். தாயும் குட்டியுமாய்க் கரைக்கு அருகே மெதுவாய்ப் போகிற காலம் அதுவே. பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்ட பெற்றோருக்கு இந்தக் கட்டு இல்லை; அவர்கள் ஜூன் கடைசியில் போகலாம். ஆனால் அங்கே அப்போது குளிர்காலம். மும்பை மழைக்கு வைத்திருக்கிற சட்டையோடு பாறை முனையில் நிற்க முடியாது. கம்பளிச் சட்டையும் காதை மூடும் குல்லாவும் வேண்டும்.

இடத்தைக் குறித்துச் சொல்லுகிறேன். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் சிட்னியிலேயே பார்க்கலாம். கேப் சொலாண்டர் ஒன்று, மான்லிக்கு அருகேயுள்ள நார்த் ஹெட் மற்றொன்று. கரையிலிருந்து பார்ப்பதற்குப் படகுக் கட்டணம் கொடுக்கவேண்டியதில்லை. பிரிஸ்பேனில் பிள்ளைகள் இருந்தால், காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பைரன் பே. 1901-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிற அந்த முனைதான் ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி. சிட்னிக்குத் தெற்கே ஆறு மணி நேரப் பயணத்தில் ஈடன் என்ற ஊர் உண்டு; செப்டம்பர் முதல் நவம்பர் வரை அங்கே நல்ல காலம். பெயரைக் கேட்டதும் ஏதேன் தோட்டத்தை நினைத்தேன். ஆக்லண்ட் பிரபு ஒருவருடைய குடும்பப் பெயராம் அது.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்லுவது ஹெர்வி பே. பிரிஸ்பேனுக்கு வடக்கே ஏறக்குறைய 290 கிலோமீட்டர். ககாரி என்ற பெரிய மணல் தீவு (2023 வரை ஃபிரேசர் தீவு என்று அழைக்கப்பட்டது) திறந்த கடலின் அலைகளைத் தடுத்துக்கொள்ளுவதால், விரிகுடாவுக்குள் நீர் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். தெற்கே திரும்புகிற தாய்கள் குட்டிகளோடு அங்கே சில நாட்கள் தங்கி இளைப்பாறுகின்றன. ஜூலை கடைசி முதல் அக்டோபர் வரை படகுகள் போகும்.

கரையிலிருந்து பார்க்கிறவர்கள் பிற்பகலில் போங்கள். அது கிழக்குக் கரையாகையால் காலையில் வெயில் முகத்தில் அடிக்கும்; பிற்பகலில் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், மூச்சுவிடும்போது எழும்புகிற நீராவி வெள்ளையாய்த் தெரியும். படகில் போகிறவர்களோ, காற்று எழும்புமுன் காலையிலேயே போகவேண்டும். கடலில் வெள்ளை நுரை மிகுந்த நாளில் எதையும் பிரித்தறிய முடியாது. கடல் மயக்கத்துக்குரிய மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்றியபின் போட்டால் பயனில்லை. பூரி மசாலா தின்றுவிட்டு ஏறவேண்டாம் (இதுவும் அநுபவமே). ஒரே நாளை நம்பிப் போகாமல், அந்த ஊரில் இரண்டு, மூன்று நாள் தங்குகிறவிதமாய் ஏற்பாடு செய்யுங்கள். திமிங்கலம் தென்படாவிட்டால் மறுமுறை இலவசமாய் அழைத்துப்போகிற படகுக்காரர்கள் பலர் உண்டு. பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம், அவ்வளவு பணம் செலவழித்து வந்தோமே, இன்னும் கிட்டே போகக்கூடாதா என்று நம்மவர்கள் படகுக்காரரை நெருக்குவதைக் கண்டிருக்கிறேன். அங்கே சட்டம் கண்டிப்பானது. வளர்ந்த திமிங்கலத்துக்குப் படகு 100 மீட்டருக்குக் கிட்டே போகக்கூடாது. குட்டி இருந்தால் 300 மீட்டர். இது வெறும் அதிகாரிகளின் கெடுபிடி அல்ல. அந்தத் தாய் அண்டார்டிக் கடலை விட்டுப் புறப்பட்டு மாதக்கணக்காகிறது. வழியில் அது பெரும்பாலும் ஒன்றும் தின்பதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்தே, பிறக்கும்போது 4 முதல் 5 மீட்டர் நீளமிருக்கிற குட்டிக்குப் பால் கொடுக்கிறது. படகுக்குப் பயந்து அது ஓடுகிற ஒவ்வொரு ஓட்டமும் அந்தச் சேமிப்பிலிருந்தே போகிறது. வெளியூரில் சம்பளமில்லாத மாதத்தை, கையிருப்பைக் கொண்டு ஓட்டின தாய்மார் நம்மில் அநேகர் உண்டு. அவர்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை. சிலவேளை திமிங்கலமே படகைத் தேடிக் கிட்டே வரும். அப்போது படகுக்காரர் இயந்திரத்தை ஓய்வு நிலையில் வைத்துவிட்டு அசையாமலிருப்பார். அது உங்களுக்குக் கிடைக்கிற கொடை. கேட்டு வாங்கக் கூடியதல்ல.

இந்தக் கூட்டம் அழிந்துபோகாமல் தப்பியதே பெரிய காரியம். பிரிஸ்பேனுக்கு எதிரே மோர்டன் தீவில் டாங்கலூமா என்ற இடத்தில் 1952 முதல் 1962 வரை வேட்டை நிலையம் நடந்தது. 6,000-க்கு மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கலங்கள் அங்கே அறுக்கப்பட்டு எண்ணெயாக்கப்பட்டன. இன்று அது உல்லாச விடுதி. பைரன் பேயிலும் 1954 முதல் 1962 வரை அப்படியே. இவற்றைக்காட்டிலும் பெரிய அழிவு தெற்கே நடந்தது: 1959 முதல் 1961 வரை இரண்டே பருவங்களில் சோவியத் கப்பல்கள் ஏறக்குறைய 25,000 திமிங்கலங்களைக் கொன்று கணக்கை மறைத்தன, உண்மை 1990-களில்தான் வெளிவந்தது. 1963-இல் தென்கோளத்தில் இவற்றை வேட்டையாடுவது தடைசெய்யப்பட்டபோது, கிழக்குக் கரையில் மிஞ்சியவை சில நூறே. 2015-இல் எண்ணிப் பார்த்தபோது 24,000-க்கு மேல் பெருகியிருந்தன. 2022-இல் ஆஸ்திரேலிய அரசு இவற்றை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

மும்பைச் சகோதரர் ஒருவர், "நம்முடைய அரபிக்கடலில் இல்லையா பாஸ்டர்?" என்று கேட்டார். உண்டு. மற்றவற்றைப்போல் துருவத்துக்குப் போகாமல், பருவக்காற்று கிளறிவிடுகிற ஆழ்நீரின் இரையைத் தின்று, வருஷமெல்லாம் இந்தக் கடலிலேயே வாழுகிற கூன்முதுகுத் திமிங்கலங்கள் அவை. ஓமான் கரையில் 2017-இல் அடையாளக் கருவி பொருத்தப்பட்ட லூபான் என்ற பெண் திமிங்கலம் கடலைக் கடந்து இந்தியாவின் தென்முனை வரை வந்து, ஓமானுக்கே திரும்பிப் போயிற்று. ஆனால் 1966-இல் சோவியத் கப்பல்கள் இங்கேயும் 238-ஐக் கொன்றன. பின்பு ஓமான் கரையில் செய்த கணக்கு நூற்றுக்கும் குறைவாகவே காட்டியது. ஆகவே நம்முடைய கரையில் அவற்றைப் பார்க்கத் திட்டம் போட முடியாது.

நாங்கள் மறுபடியும் போனது 2019 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் என் மனைவிக்குக் கண் நீர் அழுத்த நோய் முற்றி, தூரத்தில் இருப்பது மங்கலாகவும் பக்கத்தில் இருப்பது இல்லாமலும் ஆகிவிட்டது. 2016-இல் அவளுக்குக் கண் நன்றாயிருந்தது. நான் மாதத்தை விசாரித்திருந்தால் போதும். இதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை, நான்தான் நினைத்துக்கொள்ளுகிறேன்.

ஹெர்வி பேயில் காலைப் படகில் ஏறினோம். ஒரு மணி நேரத்துக்குப்பின் தாயும் குட்டியும் தென்பட்டன. படகுக்காரர் தூரத்திலேயே நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அவை தாமாகவே படகை நோக்கி வந்தன. எல்லாரும் புகைப்படக் கருவியோடு ஒரு பக்கமாய் ஓடினார்கள். நான் என் மனைவியின் கையைப் பிடித்து, "அதோ, இடது பக்கம்" என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவள், "பேசாமல் இருங்கள்" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் கேட்டது. கொல்லன் துருத்தியை ஓங்கி அழுத்தினாற்போல ஒரு நீண்ட மூச்சு. கொஞ்சம் மீன் வாடை. அதற்குப்பின் ஒரு சிறிய மூச்சு. "பெரியது ஒருதரம் விடுவதற்குள் சின்னது மூன்று நான்குதரம் விடுகிறது" என்றாள். குட்டியால் தாயைப்போல் அதிக நேரம் மூச்சடக்க முடியாது என்று படகுக்காரர் பின்பு ஒலிபெருக்கியில் சொன்னார். அவள் அதற்குள் எண்ணத் தொடங்கியிருந்தாள். அவை விலகிப் போகும்வரை தாய்க்கு ஒன்பது, குட்டிக்கு முப்பத்தொன்று.