டாக்டர் கேட்டது யாருக்காக?

"கவர்மென்ட் டாக்டருக்கு என்ன குறைச்சல்? மாசமானா சம்பளம், சாயங்காலமானா கிளினிக். இவங்களுக்கு எதுக்கு ஸ்ட்ரைக்?" மதுரை கோரிப்பாளையத்து டீக்கடையிலும் உசிலம்பட்டி பஸ்ஸிலும் இந்தப் பேச்சு சாதாரணமாகக் காதில் விழும். ஏழைகள்மேல் உள்ள அக்கறையில் பேசுவதாகத்தான் பேசுபவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சு ஏழைகளுக்கே வினையாக முடிகிறது.

2019 அக்டோபர் 25 அன்று தமிழகம் முழுவதும் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவசர சிகிச்சையை விட்டுவிடவில்லை. ஊதியக் கோரிக்கை இருந்தது, உண்மை. மத்திய அரசு மருத்துவர் 13 ஆண்டில் எட்டும் ஊதிய நிலைக்கு இங்கே 20 ஆண்டு காத்திருக்க வேண்டும். 2009இல் வந்த அரசாணை 354ஐ வைத்து அதைச் சீராக்கக் கேட்டார்கள். கேட்டதில் என்ன தப்பு?

அதே பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் பணியிடங்கள் வேண்டும். எம்.பி.பி.எஸ். மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடத்தைக் கணக்கிட்டால், வாசலில் நிற்கும் கூட்டம் கணக்கிலேயே வராது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு மேலூர், திருமங்கலத்திலிருந்து மட்டுமா வருகிறார்கள்? தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகரிலிருந்தும் இங்கே வருகிறார்கள். ஓ.பி.யில் டாக்டரின் மேசையைச் சுற்றி நாலு பேர் ஒரே சமயத்தில் சீட்டை நீட்டுவார்கள். ஒருவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடியே அடுத்தவரின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார் டாக்டர். "டாக்டர் முகம் கொடுத்தே பேசலை" என்று வெளியே வந்து வருந்தும் அம்மாவுக்காகவும்தான் அந்தக் கோரிக்கை.

கிளினிக் விஷயத்துக்கு வருகிறேன். பணி நேரத்துக்குப் பிறகு தனியாக மருத்துவம் பார்க்க இங்கே அரசே அனுமதிக்கிறது. பணி நேரத்தில் காணாமல் போகிறவர்மேல் நடவடிக்கை எடுக்கட்டும், நானும் ஆதரிப்பேன். அதற்காக ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டுக் காலையில் ரவுண்ட்ஸ் போகும் பி.ஜி. மாணவரையும் சேர்த்துத் திட்டுவது அநியாயம்.

போராட்ட நாட்களில் கூலியை விட்டுவிட்டு வந்து வைத்தியம் கிடைக்காமல் திரும்பியவர்களின் கோபம் நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் கோட்டை. அரசு அன்று செய்தது என்ன? முன்னணியில் நின்றவர்களை ஊர் ஊராகத் தூக்கியடித்தது, ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தது. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடமாற்றங்களை ரத்து செய்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய டாக்டர் லட்சுமி நரசிம்மன் அதே மாதம் இறந்துபோனார்.

ஆள் பற்றாக்குறை தீர்ந்ததா? 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 2025இல் தேசிய மருத்துவ ஆணையம் தமிழகத்தின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் 34க்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. முக்கியக் காரணங்களில் ஒன்று ஆசிரியர் பற்றாக்குறை. அங்கே ஆசிரியர் என்றால் வார்டில் வைத்தியம் பார்க்கும் டாக்டர்தான். 2019இல் தெருவில் நின்று அவர்கள் சொன்னதைத்தான் ஆறு வருடம் கழித்து ஆணையமும் சொன்னது.

ஓட்டுக் கேட்டு வருகிறவர் புதுக் கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது, அதில் எத்தனை டாக்டர் பணியிடம், எத்தனை காலி என்று கேளுங்கள். பதில் வரும்வரை டாக்டரைத் திட்டாதீர்கள்.