விதியன்று, வீதியே!

மலைநாட்டில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்தது என்ற செய்தி வந்ததும், இந்நாட்டில் வழக்கமாக நடப்பவை மூன்று. முதலில் அனுதாபச் செய்திகள் வெளியாகும். அடுத்து, இறந்தோர் குடும்பங்களுக்கு உதவித்தொகை அறிவிக்கப்படும். பின்னர் சாரதி கைதாவார். அவரும் இறந்துபட்டிருப்பின், வாய் திறந்து மறுமொழி கூற இயலாத அவர்மீதே பழி முழுவதையும் சுமத்திக் கோவை மூடப்படும். பத்து நாள் கழிந்தால், அதே வளைவில், அதே பள்ளத்தின் விளிம்பில், அடுத்த பஸ் அதே சுமையோடு ஊர்ந்து செல்லும். "எல்லாம் விதி" என்று சொல்லி மக்களும் அதில் ஏறிக்கொள்வர்.

விதி என்ற சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. ஒரே வகைப் பாதையில், ஒரே வகை வாகனத்தில், ஒரே வகைக் காரணத்தால், ஆண்டு தவறாது நடப்பதை விதி என்பது அறிவுடைமையும் அன்று, நேர்மையும் அன்று.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் மூன்றை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச் 20ஆம் நாள், லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் ஒன்று பசறை வீதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. 14 பேருக்குக் குறையாமல் மாண்டனர். மலையிலிருந்து சரிந்த பாறையொன்று அகற்றப்படாமல் பாதையைக் குறுக்கியிருந்த இடம் அது. 2025 மே 11ஆம் நாள் விடியுமுன், கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கி இரவிரவாக வந்த போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பள்ளத்தில் பாய்ந்தது. ஐம்பது பேர் அளவில் ஏற்றவேண்டிய அவ்வண்டியில் ஏறத்தாழ எழுபது பேர் இருந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள் இரவு, தங்காலை நகர சபை ஊழியரின் சுற்றுலா பஸ் எல்ல–வெல்லவாய வீதியில் ஒரு ஜீப் வண்டியுடன் மோதி, தடுப்பு வேலியையும் உடைத்துக்கொண்டு கீழே போயிற்று. 15 உயிர்கள் போயின.

ஒன்று தனியாருடையது, ஒன்று அரசாங்கத்துடையது. ஓரிடத்தில் பாறை கிடந்தது. ஓரிடத்தில் அளவுக்கு மீறிய கூட்டம் இருந்தது. ஓரிடத்தில் வேலி இருந்தும் பஸ்ஸைத் தாங்கவில்லை. மூன்றிலும் சாரதி ஒருவர் இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் பாறையை அகற்றாது விட்டவர் அவரல்லர். எழுபது பேர் ஒரே வண்டியில் ஏறவேண்டிய நிலைமையை உண்டாக்கியவரும் அவரல்லர். வேலியின் வலிமையை அளந்தவரும் அவரல்லர்.

கோப்பி மூட்டைக்கு வெட்டிய பாதை

இவை நடந்த இடங்கள் ஊவாவும் நுவரெலியா மாவட்டமுமாயினும், அங்குள்ள ஆபத்துகள் யாவும் கண்டிச் சீமையிலும் உள்ளவையே. தெல்தோட்டைக்குச் செல்வோர் இதனை நன்கறிவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகச் செல்லும் கலஹா வீதி, ஹிந்தகலையைக் கடந்ததும் மெல்ல மலையேறத் தொடங்குகின்றது. கலஹாவிற்கு அப்பால் தேயிலைக் குன்றுகளைச் சுற்றிச் சுற்றித் தெல்தோட்டையை அடைகின்றது. மறுபுறம் தலாத்துஓயா, ஹேவாஹெட்ட வழியும் அத்தகையதே. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். மாலையில் இறங்கும் மூடுபனி. மழைக்காலத்தில் வழுக்கும் பாதை. எதிரே ஒரு லொறி வந்துவிட்டால், எந்த வண்டி பின்வாங்குவது என்பதே வழக்காகிவிடும்.

இப்பாதைகள் பஸ்ஸுக்காக அமைந்தவையல்ல. மலைநாட்டுப் பாதைகள் பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டவை. தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்தூராத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டிலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதமும் வந்தது. தோட்டத்திலிருந்து விளைபொருளைப் புகையிரத நிலையத்திற்குக் கொண்டுசேர்ப்பதே அன்றைய பாதையின் கடமை. மாட்டுவண்டியின் வேகத்திற்கும் அகலத்திற்கும் போதுமான வளைவுகளில், இன்று பல தொன் எடையுள்ள பஸ்களும் லொறிகளும் விரைகின்றன. மேலே தார் பூசினோம்; வளைவை மாற்றினோமில்லை. தார் பூசியதனால் வேகம் கூடிற்று; வேகம் இரு மடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த கணக்கு. வளைவுக்கும் விளிம்புக்கும் காவல் வைக்காமல் பாதையை வழவழப்பாக்குவது, கத்தியைத் தீட்டிக் குழந்தையின் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

யாருடைய பாதை?

பெருவீதியை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் நிலைமை இன்னும் கேவலம். தேசிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அடுத்த தரத்தன மாகாண சபைக்குரியவை. கிராமப் பாதைகள் பிரதேச சபைக்குரியவை. தோட்டப் பாதை யாருக்குரியது? தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால், கொழுந்து ஏற்றும் வண்டி போகுமளவுக்குப் பாதை இருக்கின்றதே என்பர். பிரதேச சபையைக் கேட்டால், அது தோட்டத்துக் காணி என்பர். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. அதுவரை, தோட்டத் தொழிலாளி தன் வாக்கினால் சபையை அமைத்தான். அச்சபையோ அவன் பாதையில் ஒரு கூடைக் கல்லைக் கொட்டவும் உரிமையற்று இருந்தது.

அதற்கு முந்திய கதையையும் மறத்தற்கில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாதவன் வாசலுக்கு வீதி வருவதில்லை என்பது அரசியலின் பழைய பாடம். இன்று குடியுரிமை உண்டு, வாக்கு உண்டு, சட்டமும் திருந்திவிட்டது. ஆயினும் 2023 மார்ச்சு முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை உள்ளூராட்சிச் சபைகளே மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்தன. சட்டம் திறந்த கதவின் வழியே பாதைக்கு வேண்டிய பணம் தோட்டங்களுக்குள் போதிய அளவு வந்து சேரவில்லை. சொந்தக்காரன் இல்லாத பாதையில் விபத்து நடந்தால், குற்றவாளியும் இல்லாமற் போய்விடுகின்றான்.

சாரதியின் பக்கமும் நியாயம் உண்டு

சாரதிகள் யாவரும் குற்றமற்றவர் என்று நாம் வாதாட முன்வரவில்லை. குடித்துவிட்டு ஓட்டுபவனும், கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டே வளைவை எடுப்பவனும் தண்டனைக்குரியவரே. ஆனால் ஒருவன் ஏன் விரைகின்றான் என்று கேளாது அவனைத் தண்டித்தால், அவன் இடத்தில் அமரும் மற்றொருவனும் விரைவான்.

தனியார் பஸ்களிற் பலவற்றில் சாரதிக்கும் நடத்துநருக்கும் மாதச் சம்பளம் இல்லை. நாளின் வசூலில் ஒரு பங்கே கூலி. அல்லது முதலாளிக்குக் குறித்த தொகையைக் கொடுத்த பின் மிஞ்சுவதே கூலி. எனவே தரிப்பிடத்தில் நிற்கும் ஒவ்வொரு பயணியும் ஒரு பிடி சோறு. முன்னே போகும் பஸ் அச்சோற்றைப் பறிக்கும் பகை. பந்தயம் ஓடாமல் வேறென்ன நடக்கும்? அரசாங்க பஸ் சாரதிக்குச் சம்பளம் உண்டு. ஆனால் பஸ்கள் போதா, ஓய்வும் போதாது. இரவு முழுவதும் ஓட்டி வந்தவன் விடியற்காலையில் மலைப்பாதையை எடுக்கும்போது, கண்ணிமை ஒரு கணம் தாழ்ந்தாற் போதும்.

வண்டியின் நிலையோ வேறு கதை. பஸ்களிற் பல, லொறிக்குரிய அடிச்சட்டத்தின்மேல் உடல் கட்டி ஏற்றியவை. உயரமும் சுமையும் கூடக் கூட, வளைவில் கவிழும் ஆபத்தும் கூடும். நீண்ட இறக்கத்தில் இடைவிடாது பிறேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்குமாறு ஓட்டவேண்டும் என்பது மலைச் சாரதிகள் அறிந்த முறை. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகிய சாரதியைச் சுற்றுலாக் கூட்டத்தோடு மலைக்கு அனுப்பும் முதலாளி இதனைக் கேட்டறிகின்றாரா? பஸ்ஸுக்கும் லொறிக்கும் ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்கிறது சட்டம். தாளில் இருக்கும் தகுதி பிறேக்கிலும் டயரிலும் இருக்கின்றதா என்பதே கேள்வி.

உழவர்களுக்கும் இதிலே பங்குண்டு. ஹேவாஹெட்ட, மாரஸ்ஸனப் பகுதி மரக்கறி இரவோடிரவாகச் சந்தைக்குப் போகின்றது. விடியுமுன் சேராத போஞ்சிக்கு விலை இல்லை. அந்த அவசரத்தில், பத்து மூடை ஏற்றும் வண்டியில் இருபது மூடை ஏறுகின்றது. மூடைகளின்மேல் இருவர் மூவர் உறங்கியும் வருகின்றனர். ஒரு பயணக் கூலியை மிச்சப்படுத்துவதற்காக நாம் பணயம் வைப்பது எதனை என்று ஒவ்வோர் உழவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உலகம் கற்ற பாடம்

இத்துயர் நமக்கு மட்டும் உரியதன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் மாள்கின்றனர் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அவர்களுள் நூற்றுக்கு 92 பேர் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர். ஆனால் உலகின் வாகனங்களில் நூற்றுக்கு 60 அளவே அந்நாடுகளில் ஓடுகின்றன. வண்டி குறைந்த நாட்டிலே சாவு மிகுந்திருப்பதேன்? அங்குள்ளோர் ஓட்டத் தெரியாதவர் என்பதனாலா? அன்று. வண்டியை வாங்கிய வேகத்தில் அந்நாடுகள் வேலியை, நடைபாதையை, பரிசோதனையை, வைத்தியத்தை வாங்கவில்லை.

சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997இல் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் தவறிழைப்பது இயல்பு. அத்தவறுக்கு மரணம் தண்டனையாகாதவாறு வீதியை அமைப்பது அமைத்தோரின் பொறுப்பு என்பது அது. செல்வ நாட்டுக் கதை என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. ஆபிரிக்காவிலே கானா நாட்டின் அக்ரா–குமாசி நெடுஞ்சாலையில், சுகும் சந்தியில், வண்டியை அதிரவைக்கும் சிறு மேட்டுக்கோடுகளை வீதிக்குக் குறுக்கே இட்டனர். அவ்வளவே. அவ்விடத்து விபத்துக்கள் மூன்றில் ஒரு பங்கும், மரணங்கள் பாதியும் குறைந்தன என்று அங்கு ஆய்ந்தோர் கண்டனர். பணமில்லை என்பார்க்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டுமோ?

பணம் செலவாகாமலும் இல்லை. இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 38,000 விபத்துக்களும், 3,000 மரணங்களும், 8,000 படுகாயங்களும் நேர்கின்றன என்று உலக வங்கி 2020இல் கணக்கிட்டது. ஆஸ்பத்திரியில், உதவித்தொகையில், உழைப்பவனை இழந்த வீட்டின் வறுமையில் அப்பணம் நாள்தோறும் செலவாகிக்கொண்டே இருக்கின்றது. வேலிக்குக் கொடுக்காததைச் சவப்பெட்டிக்குக் கொடுக்கின்றோம்.

நாம் கேட்பவை

நமது கோரிக்கைகள் பெரியவையல்ல. முதலாவது, உயிர்ச்சேதம் நேர்ந்த ஒவ்வொரு விபத்தையும் பொலிசார் மட்டுமன்றி, பொறியியலாளரும் வைத்தியரும் சேர்ந்த குழு ஆராய்ந்து, காரணத்தை மூன்று மொழிகளிலும் வெளியிடல் வேண்டும். இரண்டாவது, பள்ளத்தை அடுத்த வளைவுகளைக் கணக்கெடுத்து, பஸ்ஸைத் தாங்கும் வலிமையுள்ள வேலியை மிக ஆபத்தான இடத்திலிருந்து தொடங்கி அமைத்தல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் பட்ட பாட்டை நாடறியும். சரிந்த பாதைகளைத் திருத்தும்போதே வடிகாலையும் வேலியையும் சேர்த்துக் கட்டுவதே சிக்கனம். மூன்றாவது, தோட்டப் பாதை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யாரென எழுத்தில் வரையறுத்தல் வேண்டும். நான்காவது, சாரதியின் வேலை நேரத்திற்கு எல்லையும், வசூலைச் சாராத சம்பளமும் வேண்டும். சாரதிக்கு ஆசனப்பட்டி கட்டாயம் என்று 2025இல் விதித்தது நன்று. ஆனால் பட்டி கட்டியவன் உறங்காதிருக்கவும் வழி செய்தல் வேண்டும். ஐந்தாவது, காலையிலும் மாலையிலும் தொழிலாளரும் மாணவரும் படிக்கட்டில் தொங்காமற் செல்லுமளவுக்கு மலையக வழிகளில் பஸ்களைக் கூட்டுதல் வேண்டும்.

வைத்தியர், ஆசிரியர், சட்டத்தரணி, பொறியியலாளர் ஆகிய நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்து மக்கள் முறையிடுவது வாய்மொழியாக. அலுவலகம் கேட்பது எழுத்து. ஆபத்தான வளைவைப் படம் பிடித்து, இடத்தைக் குறித்து, சபைக்கும் அதிகார சபைக்கும் எழுதி, மறுமொழி வரும் வரை விடாது கேட்பது கற்றோரின் கடன். எழுத்தில் அறிவித்த பின்னும் திருத்தாத பாதையில் உயிர் போனால், தெரியாது என்று எவரும் கைகழுவ இயலாது.

தேயிலையை இத்தீவுக்குக் கொடுத்த மலை அது. அம்மலையிலிருந்து பெட்டி பெட்டியாகத் தேயிலை சேதமின்றிக் கொழும்பு சேர்வதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னமே வழி கண்டார்கள். அத்தேயிலையைக் கிள்ளும் கைகள் சேதமின்றி வீடு சேர்வதற்கு இனியேனும் வழி காணல் வேண்டும்.