கூட்டல் அது போடட்டும், கையெழுத்து நாம போடுவோம்

ஆண்டுக் கணக்கு முடிப்பு, ஆடிட்டர் வருகை எல்லாம் ஓய்ந்து இப்பதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கோங்க.

நம்மள மாதிரி மாற்றல் உத்தியோகக் குடும்பங்களில் பிள்ளைக்குத் தெருவில் ஒரு கூட்டாளி அமைவதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிடும். எங்க வீட்டில் நிலையாக இருந்த தெரு கணிப்பொறிக்குள் இருந்த ஒன்றுதான். அதன் பெயர் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். 2004 நவம்பரில் பிளிஸ்ஸார்டு நிறுவனம் வெளியிட்ட ஆன்லைன் ஆட்டம். நாக்பூர், ராய்ப்பூர், இப்போ போபால் என்று ஊர் மாறினாலும் நானும் பையனும் ஆடுவது மாறவில்லை. தங்கமணிக்கு மட்டும் இன்னும் அது "அந்த டிராகன் சனியன்"தான் :-)

தமிழ்ச் சங்கத்துக்கு வரும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பையன் ஆடினாக்கூட பரவாயில்லை. மூணு மணி நேரமா திரையில இருக்கிற பெட்டியை இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கிட்டே இருக்கான். இது என்ன வியாதி?"

வியாதி இல்லைங்க. அதுக்குப் பெயர் ஆட்-ஆன். இந்த ஆட்டத்தின் திரை அமைப்பை மாற்றிக்கொள்ள நிறுவனமே ஆரம்பத்திலிருந்து திறந்து வைத்த கதவு. லுவா என்ற எளிய மொழியில் சில கோப்புகள், எந்தக் கோப்பை எந்த வரிசையில் ஏற்றுவது என்று சொல்லும் ஒரு பட்டியல், அவ்வளவுதான். நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஓர் எண்ணை மாற்றிவிட்டு ஆட்டத்துக்குள் திரையை ரீலோட் செய்தால் உடனே விளைவு தெரியும். என் பையன் நிரல் எழுதக் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, இங்கேதான். 2009 மார்ச்சில் நிறுவனம் விதியாகவே போட்டது: ஆட்-ஆன் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கும்படி வைக்க வேண்டும், ஆட்டத்துக்குள் விளம்பரமோ நன்கொடை கேட்பதோ கூடாது. இப்படித் திறந்த புத்தகமாக எத்தனை பொருள் பிள்ளைகள் கையில் இருக்கிறது, சொல்லுங்க?

ஆனால் எல்லா ஆட்-ஆனும் ஒன்றில்லை. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் இரண்டு வகை. ஒன்று கூட்டல் போட்டுத் தருவது. இன்னொன்று நமக்குப் பதிலாகக் கையெழுத்தே போட்டுவிடுவது.

முதல் வகைக்கு உதாரணம் குவார்ட்ஸ். மந்திரம் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் பாக்கி என்று காட்டும் பட்டை அது. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு துண்டு தெரியும். நம் கட்டளை சர்வருக்குப் போய்ச்சேர ஆகும் தாமதம் அது. சர்வர் கடல் தாண்டி இருக்கிறது, நாம் போபாலில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தத் துண்டு மெலிசாகவா இருக்கும்? :-) அதேபோல கிரிட். கூட்டாளிகள் எல்லாரையும் சின்னச் சின்னக் கட்டங்களாக அடுக்கிக் காட்டும். ஆரம்ப காலத்தில் 40 பேர் சேர்ந்து ஒரு பெரிய அரக்கனை அடிக்கும் ரெய்டுகள் இருந்தன. அதில் காயத்தை ஆற்றும் ஹீலருக்கு இந்தக் கட்டங்கள்தான் பேரேடு. பைகளை ஒன்றாக்கும் பேக்னான், பட்டன்களை நகர்த்தும் பார்ட்டெண்டர் எல்லாம் இதே ஜாதி. வெள்ளெழுத்து வந்த என் கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததும் ஒரு ஆட்-ஆன்தான்.

இரண்டாம் வகைக்குப் பழைய டிகர்சிவ் போதும். கூட்டாளிகளில் யார்மேல் சாபம் விழுந்திருக்கிறது என்று அதுவே தேடும், அதுவே ஆளைத் தேர்ந்தெடுக்கும், அதுவே நிவாரணம் கொடுக்கும். ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும். 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் நிறுவனம் இதற்குக் கேட் போட்டது. சண்டை நடக்கும்போது யாருக்கு, எந்த மந்திரம் என்பதை ஆட்-ஆன் முடிவு செய்யக் கூடாது, மனுஷன்தான் கிளிக் செய்ய வேண்டும். நல்ல விதி. எங்கள் மேக்கர்-செக்கர் மாதிரி. வவுச்சரை எழுதியவரே பாஸ் பண்ணக் கூடாது அல்லவா?

பிறகு நடந்தது எலியும் பூனையும் கதை. ஏவிஆர் என்ற ஆட்-ஆன் எங்கே நிற்க வேண்டும் என்று ஆட்டத்தின் தரையிலேயே வட்டம் வரைந்து காட்டியது. 2010-ல் அதை முடக்கினார்கள். யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று காட்டிய ரேடார்களும் 2016-ல் போயின. ஆனாலும் வீக்ஆராஸ், டெட்லி பாஸ் மாட்ஸ் போன்றவை வளர்ந்துகொண்டே போயின. அவை மந்திரம் போடுவதில்லைதான். ஆனால் "நீ இடப்பக்கம் ஓடு, அவன் வலப்பக்கம் ஓடட்டும்" என்று 20 பேருக்கும் நொடியில் பிரித்துச் சொல்லிவிடும். ஹெகிலி இன்னும் ஒரு படி மேலே, அடுத்து எந்தப் பட்டன் என்றே காட்டும். கையெழுத்துப் போடுவது நாம்தான், ஆனால் எதில் போடுகிறோம் என்று படித்துப் பார்ப்பதில்லை. வங்கியில் இதற்கு ரப்பர் ஸ்டாம்ப் அதிகாரி என்று பெயர் :-)

இதில் நிறுவனத்தின் பங்கையும் சொல்லணும். ஆட்-ஆன் கையில் இருக்கிறது என்று தெரிந்து அரக்கர்களைக் கடினமாக்கினார்கள். அரக்கர்கள் கடினமானதும் ஆட்-ஆன் கட்டாயமானது. புதிதாக வருகிற பிள்ளை ஆட்டத்தைக் கற்பதற்கு முன் பத்து ஆட்-ஆன் இறக்கியாக வேண்டும். வாங்கிய ஆட்டத்தின் பாதி, யாரோ முகம் தெரியாதவர்கள் ராத்திரி கண் விழித்து எழுதியது. நன்கொடையும் விளம்பரப் பங்கும் சிலருக்குக் கிடைத்திருக்கலாம். நிறுவனத்தின் சம்பளம் கிடையாது. அவர்கள் கண்டுபிடித்ததைத்தான் நிறுவனம் பிறகு தன்னுடையதாக உள்ளே சேர்த்தது. வேலைகள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் காட்டுவதை குவெஸ்ட்ஹெல்பர் செய்துகொண்டிருந்தது. 2009 டிசம்பரில் ஆட்டமே அதைச் செய்ய ஆரம்பித்தது. திரையில் இருப்பதை இழுத்து நகர்த்தும் எடிட் மோட் வந்தது 2022-ல்தான். பதினெட்டு வருஷம்!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளையில் ஒரு கிளார்க் இருந்தார். கெட்டிக்காரர். வட்டிக் கணக்குக்கு எக்செல்லில் ஒரு மேக்ரோ எழுதி வைத்திருந்தார். கிளையே அதை நம்பி ஓடியது. அவருக்கு மாற்றல் வந்தது, போய்விட்டார். அடுத்த காலாண்டில் வட்டி விகிதம் மாறியபோது அந்த மேக்ரோவில் எங்கே கை வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்து கையால் போட்டோம். அந்தக் கிளார்க் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஓர் ஆளின் நல்ல மனசு மேல் மொத்த வேலையையும் நிறுத்தி வைத்த நிர்வாகத்தின் மேல்தான் கோபம். பிளிஸ்ஸார்டு செய்ததும் அதேதான்.

இப்போது நடந்திருப்பதற்கு வருவோம். 2025-ல் நிறுவனம் தன் திட்டத்தைச் சொன்னது. 2026-ல் வந்த மிட்நைட் விரிவாக்கத்தோடு சேர்ந்த 12.0 பதிப்பில் செய்தும் விட்டது. சண்டை நேரத் தகவல்களை ஆட்-ஆன் திரையில் காட்டலாம், நிறம் மாற்றலாம், அளவு மாற்றலாம். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று படித்துக் கணக்குப் போட முடியாது. ஒட்டிய கவரைக் கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரர் மாதிரி. வீக்ஆராஸ் குழு, மிட்நைட்டுக்குத் தங்கள் ஆட்-ஆன் வராது என்று 2025-லேயே அறிவித்துவிட்டது. பதிலுக்கு அரக்கனின் அடுத்த தாக்குதலைக் காட்டும் காலக்கோடு, யார் எவ்வளவு அடித்தார் என்று சொல்லும் மீட்டர் எல்லாம் ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன.

என் கருத்து இதுதான். போட்ட கோடு சரி. போட்ட விதம் சரியில்லை.

கோடு ஏன் சரி? முடிவெடுப்பதுதான் ஆட்டம். அதைக் கருவியிடம் கொடுத்த பிறகு நம்மிடம் மிச்சம் இருப்பது விரல் மட்டும்தான். பிள்ளைகள் ஆட்டத்தில் கற்க வேண்டியதும் அதுதான்: தகவலைப் பார், யோசி, முடிவெடு, தப்பானால் அதன் பலனை ஏற்றுக்கொள்.

விதம் ஏன் சரியில்லை? மூன்று காரணம்.

ஒன்று, இருபது வருஷம் திறந்து விட்டு, அதை நம்பி எல்லாரும் குடியேறிய பிறகு ஒரே பதிப்பில் அடைத்தது. நாம எல்லாரும் வாடகை வீட்டில் இருந்து பழகியவர்கள். ஆணி அடிக்காதே என்று வீட்டுக்காரர் சொல்ல உரிமை உண்டு. ஆனால் இருபது வருஷமாக மாட்டியிருந்த சாமி படத்தை ஒரே நாளில் கழற்றச் சொன்னால் வலிக்கும்.

இரண்டு, வசதிக்காக ஆட்-ஆன் வைத்தவர் வேறு, மூக்குக் கண்ணாடியாக வைத்தவர் வேறு. என் பையனுக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாது. குறிப்பிட்ட ஓர் ஆபத்து வந்தால் குறிப்பிட்ட ஓர் ஒலி கேட்கும்படி தானே எழுதி வைத்திருந்தான். ஒலி யோசித்து முடிவெடுக்கவில்லை. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததை அவன் காதுக்குச் சொன்னது, அவ்வளவே. கண்ணாடியையும் காப்பியடிக்கும் சீட்டையும் ஒரே பையில் போட்டுப் பறிமுதல் செய்வது நியாயமா? சோதனைக் கட்டத்திலேயே குரல்கள் எழுந்து சில கட்டுப்பாடுகள் தளர்ந்தன என்பது உண்மை. ஆனால் இவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்கியிருக்க வேண்டும்.

மூன்று, 2025 ஜூனில் நிறுவனமே ஒற்றைப் பட்டன் உதவியைக் கொடுத்தது. அதைத் தட்டிக்கொண்டிருந்தால் அடுத்த மந்திரத்தை ஆட்டமே தேர்ந்தெடுக்கும். வேகம் கொஞ்சம் குறையும், அதுதான் அபராதம். கை வலி உள்ளவர்களுக்கும் புதியவர்களுக்கும் அது நல்லது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் "முடிவு மனுஷனுடையது" என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள், தங்கள் கடையில் அதையே விற்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி வீட்டில் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்றால், வங்கிக்காரனின் நாலு அறிவுரை, இலவசம்:

1. முதல் இரண்டு வாரம் வெறும் திரையோடு ஆட விடுங்கள். எது குறை என்று தெரிந்த பிறகு அதற்கு மட்டும் ஆட்-ஆன்.

2. ஆட்-ஆன் என்பது எழுத்து, படம், ஒலி. அவ்வளவுதான். இறக்கிய கோப்புறைக்குள் எக்ஸி கோப்பு இருந்தால் திறக்காமல் அழியுங்கள். ஓடிபி கேட்கும் ஃபோனுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை.

3. ஊர் மாறும்போது இன்டர்ஃபேஸ் கோப்புறையையும், அமைப்புகள் இருக்கும் டபிள்யூடிஎஃப் கோப்புறையையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆமாங்க, நிஜமாவே அதன் பெயர் அதுதான் :-)

4. பையன் பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்தால் திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து "இதை ஏன் இங்கே வச்சே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். காரணம் சொன்னால் அவன் யோசித்திருக்கிறான். "எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க" என்றால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வி ஆட்டத்தோடு நிற்பதில்லை. எங்கள் கிளையிலும் கடன் விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போட்டுத் தர மென்பொருள் வந்தாயிற்று. அது கூட்டலைச் சரியாகவே போடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் முகத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவன் நான்தான். பையனுக்கு நான் சொல்லிக் கொடுக்க விரும்புவதும் இந்த ஒன்றைத்தான்.

உங்க வீட்டில் எப்படி? மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்க, சண்டைக்கு வர மாட்டேன்.