விரும்பிப் போகும் முகாம்

கனடாவில் இருக்கும் சாச்சி குடும்பம் ஒரு விடுமுறையில் கரவன் வண்டியொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பான்ஃப் தேசியப் பூங்காவில் உள்ள லூயிஸ் ஏரிப் பக்கம் போய்வந்தது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. அவர்கள் அனுப்பிய வீடியோவை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். பச்சை கலந்த நீல நீர், பின்னால் பனிமலை. "இது என்ன இடம் மகள்?" என்று உம்மம்மா கேட்டார். "முகாம் போட்டுத் தங்குற இடம்" என்றேன். அவர் கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்: "முகாமுக்குக் காசு குடுத்தும் போறாங்களோ?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகுதான் உறைத்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியிலிருந்து கைக்குழந்தையோடு புறப்பட்டவர் அவர். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் எத்தனையோ மழைக்காலம் கழித்தவர். வன்னியில் இந்தச் சொல்லுக்கு இனபேதம் கிடையாது. பக்கத்து வீட்டுத் தமிழ் அன்ரியிடம் "முகாம்" என்றால் அவருக்கு 2009 இன் செட்டிகுளமும் மெனிக் பாம் தறப்பாள் வரிசையும்தான் ஞாபகம் வரும். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் அடுப்பும் பாயும் ஏற்றி, குளக்கரையில் படுத்தெழும்பிய சனத்துக்குச் சில்லு பூட்டிய வீடு புதினமில்லை.

இதைச் சொல்லித்தான் பலர், "எங்கட பிள்ளைகளுக்கு உந்தக் கூடார விளையாட்டு எதற்கு?" என்கிறார்கள். இந்த முடிவோடு நான் உடன்படவில்லை. மூத்தவர்கள் விரும்பாமல் போன இடத்தின் பெயரைக் காட்டி, நாங்கள் விரும்பிப் போகும் இடத்தையும் மூடிவைப்பது நியாயமாகப் படவில்லை.

எங்களுக்கும் ஒரு கரவன் இருக்கிறது. ஊரில் பிடிக்கிற வானோ பஸ்ஸோதான் அது. கிடாரம், காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பாய் எல்லாம் ஏறும். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் கண்டி, அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா. றம்பொடையில் நிறுத்தி நீர்வீழ்ச்சியைப் படமெடுப்போம். வழியில் கீழே தெரியும் கொத்மலை நீர்த்தேக்கத்தையும் எடுப்போம். 1985 இல் நிறைவடைந்த அந்த அணைக்காக ஊர்கள் மூழ்கி, மக்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள் என்பது படத்தில் விழாது. நீர் வற்றும் காலங்களில் கடதோர விகாரையின் இடிபாடு மட்டும் தலைகாட்டும். (இவ்வளவு நேரமும் உம்மாமார் வண்டிக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். குசினியைச் சில்லில் ஏற்றினால் சமைக்கிறவருக்கு அது சுற்றுலாவா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த பயணத்தில் நாங்கள் உரிப்போம், அவர்கள் ஏரியைப் பார்க்கட்டும்.)

நுவரெலியாவில் கிரகரி ஏரி. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873 இல் உருவானது. அதன் கரையில் இரண்டு மணித்தியாலம் நிற்போம். குளிர் கூடி, நீரின் மேல் பனி படியத் தொடங்கும் நேரம், பார்க்கவேண்டிய நேரமே அதுதான், "பொம்பிளைப் பிள்ளைகள், இருட்டுது, ஏறுங்கோ" என்று குரல் வரும். இரவோடு இரவாகத் திரும்புவோம். விடியப்புறம் எழும்பி வண்டி ஓட்டத் தொடங்கிய சாரதி, நித்திரைக் கண்ணோடு அந்த மலை வளைவுகளில் இறங்குவார். ஏரிக்கரையில் தங்கினால் ஆபத்து, இது பாதுகாப்பு என்பது எங்கள் கணக்கு. கழிப்பறைக்குப் போகவேண்டி வரும் என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்த மாணவிகள் அந்த வண்டிக்குள் எத்தனை பேர் என்பதை எங்களில் யாரும் வீட்டில் சொன்னதில்லை.

சாச்சியின் வீடியோவை இரண்டாம் தரம் பார்த்தபோது வண்டியை விட்டுவிட்டு இடத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் இலக்கம். தண்ணீர்க் குழாய். வண்டியின் கழிவுநீரை ஊற்றத் தனி இடம். கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டி. துணிக் கூடாரம் போடுகிறவர்களுக்கு, சுற்றிவர மின்வேலி அடைத்த பகுதி. அது கரடி நடமாடும் காடு. பயப்பட வேண்டிய இடம்தான், அதனால்தான் வேலி போட்டிருக்கிறார்கள். "வராதே" என்று பலகை நடவில்லை.

எங்களுக்கு அந்த வண்டி வேண்டாம். றம்பொடை வளைவுகளில் அதைத் திருப்புவதும் கஷ்டம். தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, வெளிச்சம், குழாய்த் தண்ணீர், இரவுக் காவலுக்குப் பெண்கள், தொழ ஒரு துப்புரவான மூலை, இவ்வளவும் உள்ள தங்குமிடம்தான் வேண்டும். ஹோட்டன் சமவெளியில் வனசீவராசிகள் திணைக்களத்தின் முகாமிடங்கள் உள்ளன. முன்பதிவு செய்து போகலாம். வாசலிலேயே பொலித்தீனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதுவும் எங்களுக்கு நல்ல பாடம். அவ்வளவு தூரம் கடினமென்றால் இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ ஒரு இரவு தொடங்கலாம். மலை இல்லை, குளிரும் இல்லை. ஆனால் யானை உண்டு, ஆகவே இங்கும் முதலில் வேலி. பாடசாலை, பெற்றோர், பிரதேச சபை மூன்றும் ஒருமுறை கூடி இருந்து பேசினால் முடியாத காரியமல்ல.

இந்தக் கட்டுரையை எழுதுமுன் உம்மம்மாவிடம் அனுமதி கேட்டுப் பார்த்தேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். கதவுக்குப் பூட்டு இருக்குமோ, எந்த ரீச்சர் கூட வருவா, மழை பெய்தால் எங்கே ஒதுங்குவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தறப்பாள் ஒழுகினால் எந்தப் பக்கத்தைத் தூக்கிக் கட்டவேண்டும் என்றும் கையால் காட்டித் தந்தார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"எப்ப திரும்பி வருவீங்க?"

"அடுத்த நாள் காலமை பத்து மணிக்கு, உம்மம்மா."

"பத்து மணிக்கு" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "போய்ட்டு வா மகள்" என்றார்.