பிளக்கை ராவினா பிக்-அப் ஏறுமா?

வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, அப்பாவின் பழைய 100 சிசி பைக் ஸ்பார்க் பிளக்கை அரத்தால் ராவி, இடைவெளியையும் அகட்டினேன். பிக்-அப் ஏறும் என்று நம்பிக்கை! மறுநாள் காலை 5 மணி ஷிஃப்ட். உதைத்து உதைத்துப் பார்த்து, கடைசியில் பஸ்ஸுக்கு ஓடினார் அப்பா.

இடைவெளி கூடினால் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும், காயில் திணறும். குறைந்தால் பொறி சின்னதாகி, பெட்ரோல் ஒழுங்காகப் பற்றாது. பிளக் புதுசாக பவர் எதையும் தராது பாஸ், இருப்பதை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பல 100 சிசி பைக்குகளுக்கு 0.8 - 0.9 மி.மீ. இடைவெளி, உங்கள் பைக்கின் அளவு அதன் கையேட்டிலேயே இருக்கும். ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். வளைந்த முனையை மட்டும் மெதுவாகச் சரிசெய்யலாம். இரிடியம் பிளக் என்றால் கையே வைக்காதீர்கள்.

புது பிளக் மாட்டிக் கொடுத்துவிட்டேன். சாவி மட்டும் இன்னும் அப்பா பாக்கெட்டில்தான்.