வேடந்தாங்கல் போறீங்களா? கரைக்கு அந்தப் பக்கமும் பாருங்க

மார்கழி, தை வந்தால் மதுராந்தகம், செங்கல்பட்டு வட்டாரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடந்தாங்கல் போய்வருவது வழக்கம். சீட்டு வாங்கி, கரைமேல் நடந்து, கோபுரத்தில் ஏறி, கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் பார்த்து, படம் பிடித்துத் திரும்புகிறோம். நல்லதுதான். ஆனால் எல்லாருடைய முகமும் ஏரிப்பக்கமே இருக்கிறது. கரைக்கு மறுபக்கம் இருக்கிற நெல் வயலை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அந்த ஏரி சுமார் 74 ஏக்கர்தான். பல்லாயிரம் பறவைகளுக்கும் குஞ்சுகளுக்கும் அதுக்குள்ளயே தீனி கிடைக்குமா? கடம்ப மரமும் கருவேல மரமும் கூடு கட்டத்தான். இரை தேடுவது சுற்றுவட்டார ஏரி, குட்டை, வாய்க்கால், நம்ம வயல் எல்லாவற்றிலும்தான். ஏரி தொட்டில் என்றால் வயல் அடுப்படி. நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கி நத்தையைத்தானே பொறுக்குது? நத்தை மருந்துக்குக் காசு கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

பழைய ஆளுங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் பயிர் பச்சையாய் நிற்கும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனெல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். அது 1798. வனத்துறை என்ற ஒன்றே அப்போது கிடையாது. சரணாலயத்தை உண்டாக்கியவர் உழவர். இன்றைக்கு அவருக்கு அங்கே என்ன இடம்?

1998 அறிவிப்புப்படி ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம். பட்டா நிலங்களும் அதற்குள் வருகின்றன. 2020இல் இதை 3 கி.மீ. ஆகச் சுருக்கப் பார்த்தபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியது. சரியான எதிர்ப்பு. ஆனால் அந்த 5 கி.மீ.க்குள் வயலில் என்ன தெளிக்கிறோம் என்று எத்தனை பேர் கேட்டோம்? குருணை மருந்து போட்ட வயலில் இறங்குகிற கொக்குக்கு எல்லைக்கல் தெரியுமா?

அதற்காக விவசாயி தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை. யூரியாவுக்கு மானியம் கொடுக்கிற அரசு, பறவைக்குச் சோறு போடுகிற வயலுக்கும் ஏதாவது கொடுக்கட்டும். அந்த 5 கி.மீ.யை நஞ்சில்லா வேளாண்மைப் பகுதியாக்கி, மாறுகிறவருக்கு முதல் சில போகத்தின் மகசூல் இழப்பை ஈடுகட்டணும். சீட்டு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த ஊர் அரிசியை விற்க ஒரு கடை போட்டுக் கொடுக்கணும். சிப்ஸ் பாக்கெட் தாராளமாகக் கிடைக்கிற நாட்டில் இது ஒன்றும் பெரிய கோரிக்கை இல்லை.

இந்த வருஷம் போகிறவர்கள் கரிக்கிலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமார் 10 கி.மீ.தான், கூட்டமும் குறைவு. 2022இல் இரண்டுமே ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. போகிற வழியில் வண்டியை நிறுத்தி, வயலில் நிற்கிறவரிடம் பேசுங்கள். இந்தப் போகம் என்ன அடிச்சீங்க, நாரை இறங்குதா, நண்டு நத்தை இருக்கான்னு கேளுங்க. மருந்தே அடிக்காதவர் யாராவது இருந்தால் அவரிடம் பத்து கிலோ அரிசி வாங்கிட்டு வாங்க.